ஓடைக்கு மேற்கே போட்ட கோடு

கோட்டம்மாவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். எதிரே நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால்தான் திட்டுவதற்கு வசதி என்பது அவள் கட்சி. அன்று காலை சூப்பிரண்டு அவள் மேசையில் காகிதக் கோப்பு ஒன்றை வைத்து வாயைத் திறந்ததுமே கண்ணாடி கழன்று மேசைக்கு வந்துவிட்டது.

அது வரைபட அலுவலகம். இருபத்தெட்டு வருடமாக அவள் அங்கே கோடு போடுகிறாள். ஆற்றுக்கு நீலம், சாலைக்குச் சிவப்பு, நடைபாதைக்குக் கறுப்பில் புள்ளிக்கோடு. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்குகிறது. வாசல் காவலாளி முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் கோட்டம்மாதான். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்.

"இந்தக் காட்டுப் பாதையை எடுத்துடுங்கம்மா. வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகுது," என்றார் சூப்பிரண்டு.

"எதுக்கு எடுக்கணும்?"

"தரையில இல்லையாம்."

கோப்பில் இரண்டு கடிதங்கள் இருந்தன. முதலாவது ஒரு மர வியாபாரி எழுதியது. போன வருடம் அந்தக் காட்டை விலைக்கு வாங்கியவர். வரைபடத்தில் பாதை காட்டியிருக்கும் இடத்தில் பாறையும் முள்ளும்தான் இருக்கின்றன, அளவை ஆட்களும் வந்து பார்த்துவிட்டார்கள், ஆகவே கோட்டை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கோடு போய்விட்டால் காட்டைச் சுற்றி வேலி போட அவருக்கு யார் தடை? இரண்டாவது, காட்டுக்குப் பின்னால் இருக்கும் சிற்றூர்க்காரர்கள் எழுதியது. தினமும் அந்தப் பாதையில்தான் சாலைக்கு வருகிறோம், அதை மூடினால் ஒன்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்று எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது.

"தினம் நடக்குறோம்னு இவங்க சொல்றாங்க. பாதையே இல்லைன்னு அவர் சொல்றார். ரெண்டும் எப்படி சார் உண்மையா இருக்கும்?"

"காத்துல நடக்குறாங்களோ என்னவோ," என்று சூப்பிரண்டு சிரித்தார்.

"இது நான் போட்ட கோடு. நான் கோடு போட்ட இடத்துல பாதை இருக்கும். பார்க்கப் போனவங்களுக்குத்தான் கண்ணு இல்ல."

வாய்க்கொழுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடு போட்டவரின் கைப்பிழை என்று தெரிந்தால் திருத்துவதோடு விடமாட்டார்கள். தாளின் கீழ் ஓரத்தில் 'வரைந்தவர் பிழை, திருத்தப்பட்டது' என்று எழுதி, அவர் பெயரையும் எழுத வேண்டும். அது அப்படியே அச்சில் ஏறும். ஆயிரம் பிரதி போனால் ஆயிரத்திலும் பெயர் நாறும். அங்கே வேலை பார்த்தவர்களில் அந்த ஓரக்குறிப்பில் ஒருமுறையாவது மாட்டாதவள் கோட்டம்மா ஒருத்திதான். அதை அவளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்பினாள். அதுவரை அவள் எந்தக் காட்டையும் நேரில் பார்த்ததில்லை. கோடு போடுகிறவர்களுக்கு வெயிலும் மழையும் ஜன்னலுக்கு வெளியேதான்.

துணைக்கு நாத்தனார் வந்தாள். அவள் அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவள். பாம்புக்கடி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"ஏன் அண்ணி, காட்டுக்குள்ள போறோம், அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"உங்க அண்ணன் மாடிப்படி ஏறுறதுக்கே என்னைத் துணைக்குக் கூப்பிடுறார். காட்டுல அவரைச் சுமக்குறதா, பாதையைத் தேடுறதா?"

பஸ் ஊரைத் தாண்டியதும் கோட்டம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இப்ப ஒரு சின்னப் பாலம் வரும் பாரு," என்றாள். வந்தது. "அடுத்தது இடது பக்கம் செங்கல் சூளை." அதுவும் வந்தது. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கத்து ஆளா நீங்க?" என்று கேட்டார். "வந்ததே இல்ல," என்றாள் பெருமையாக. அடுத்து அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு குளம் வரும் என்று சொல்லி எல்லோரையும் ஜன்னல் பக்கம் திரும்ப வைத்தாள். குளம் வந்தது. ஆனால் பக்கவாட்டில் பார்த்தபோது அது அவரைக்கொட்டையாகவும் இல்லை, கத்தரிக்காயாகவும் இல்லை. வெயிலில் ஒரு தகரத் தகடாக மின்னிவிட்டுப் போய்விட்டது. மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இறங்கிய இடத்திலிருந்து அறுவடை முடிந்த வயல்களின் நடுவே மேடேற வேண்டும். தாளில் அந்த மேட்டின் உயரத்தைக் காட்ட அவள் பன்னிரண்டு கோடு நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தாள். நான்காவது கோட்டிலேயே மூச்சு வாங்கியது.

"போடும்போது கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கலாம்ல அண்ணி," என்றாள் நாத்தனார், மார்பைப் பிடித்துக்கொண்டு.

காட்டின் வாசலில் ஒரு பலகை. 'தனியார் இடம். நுழையாதே.' பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி. கோட்டம்மா பலகையை இரண்டு முறை படித்தாள்.

"'நுழையாதீர்கள்'னு மரியாதையா எழுதினா பெயின்ட் தீர்ந்துடுமா?"

"எனக்குத் தெரியாதும்மா. வெளியாளுங்க யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவன் மடியிலேயே விரித்தாள். "இதுல புள்ளி புள்ளியா கோடு தெரியுதா? இது பொதுப்பாதை. இந்தக் கோடு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. இன்னிக்குப் புதன். தள்ளு நாற்காலியை."

காவலாளி வரைபடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு நாற்காலியோடு நகர்ந்துகொண்டான். மாதச் சம்பளத்துக்கு இந்த அம்மாவோடு மல்லுக்கட்ட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

உள்ளே மரலாரி போன தடம் அகலமாக இருந்தது. நாற்பதடி உயரத்துக்கு மரங்கள். அவள் காட்டுக்கு எப்போதும் பச்சை மையில் சின்னச் சின்ன வட்டம் போடுவாள். வட்டம் வெட்டிய தகட்டை வைத்து அரை மணியில் ஒரு காட்டையே முடித்துவிடுவாள். அந்த வட்டங்களுக்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று யார் கண்டது? ஈர இலையும் பிசினும் கலந்த வாசனை. எங்கோ ஒரு மரங்கொத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. கோட்டம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் சும்மா நடந்தாள். நாத்தனாருக்கு அதுவே பயமாகிவிட்டது. மயக்கம் வருகிறதா என்று கேட்டாள்.

லாரித்தடம் ஓடைக்கரையில் முடிந்தது. அங்கே வெட்டிய மரங்களின் கிளைகளை மலையாகக் குவித்துப் போட்டிருந்தார்கள். வரைபடத்தின்படி பாதை ஓடையைக் கடந்து, மேற்குக் கரையை ஒட்டியே மேலே போகும். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி அக்கரை ஏறினார்கள்.

ஒரு மணி நேரம் தேடினார்கள். கோட்டம்மா அடி எண்ணி நடந்தாள், நின்றாள், தாளைத் திருப்பிப் பிடித்தாள். முள் கையைக் கீறியது. கடைசியில் வீட்டுக்கூடம் அளவுக்கு ஒரு பாறை எதிரே வந்து நின்றது. அவள் போட்ட கோடு நேராக அந்தப் பாறைக்குள் போனது.

"பாறையில கதவு ஏதாவது இருக்கா அண்ணி?"

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொன்னவன்தான் சும்மா இல்லாம சொல்லி வச்சுட்டான்."

அப்போது ஓடைக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கைக்கு ஒரு பால் கேனாக இரண்டு கேன்களோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"அங்க என்னம்மா தேடுறீங்க? ஏதாவது விழுந்துடுச்சா?"

"பாதையைத் தேடுறோம்," என்றாள் நாத்தனார்.

"பாதையா? அது என் காலுக்கடியில இருக்கு. அங்க போய்த் தேடினா எப்படிக் கிடைக்கும்?"

கோட்டம்மா மறுபடி ஓடையில் இறங்கினாள். இந்த முறை செருப்பைக் கழற்றவும் தோன்றவில்லை. கிழக்குக் கரை ஏறிப் பார்த்தாள். பாதை இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாத பாதை. மண் இறுகிக் கல்லாகியிருந்தது. குறுக்கே ஓடிய வேர்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. கீழே அது லாரித்தடத்தைத் தொடும் இடத்தில்தான் கிளைகளைக் குவித்து வாயை அடைத்திருந்தார்கள்.

"இது சமீபத்துல வந்த பாதையா இருக்கும்," என்றாள் கோட்டம்மா. குரலில் வழக்கமான கெத்து இல்லை.

பால்காரி கேன்களைக் கீழே வைத்தாள். "சமீபமா? இதோ இந்த வேர்ல தடுக்கி விழுந்துதான் எங்க மாமியாருக்கு முன்பல்லு போச்சு. நான் அப்ப கல்யாணமாகியே வரல. அந்தப் பல்லு போயே முப்பது வருஷம் இருக்கும்."

மாமியார் பல்லுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் கோட்டம்மா விடவில்லை. ஓடையிலிருந்து பாதைக்கு அடி எண்ணினாள். அக்கரையில் கோடு போன இடத்துக்கும் கண்ணாலேயே அளந்தாள். மொத்தம் இருபத்தைந்து மீட்டர். தாளில் அது அரை மில்லிமீட்டர்.

அரை மில்லிமீட்டர் என்றதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு நில அளவைத் தாள்கள் சேரும் இடம் இந்த ஓடைதான். ஓடையை ஒரு தாளிலிருந்தும் பாதையை அடுத்த தாளிலிருந்தும் எடுத்து வரைந்திருந்தாள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து ஊதும். ஒரு ராத்திரி விரித்துப் போட்டுக் காயவிட்டுத்தான் கோடு போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இதை வரைந்த வருடம் நல்ல மழை. பக்கத்து மேசைக்காரர் ஒரு நாளைக்கு ஒரு தாள் முடிப்பார். நான் இரண்டு முடிக்கிறேன் பார் என்று அவள் பந்தயம் கட்டியிருந்தாள். காயவிடவில்லை. முடித்தும் காட்டினாள். கைதட்டினார்கள்.

"கிளையைப் போட்டு அடைச்சது மரக்கடைக்காரர் ஆளுங்கதான்," என்றாள் பால்காரி. "அதை நாங்க தாண்டிக்குவோம். ஆனா எங்க வயித்துல அடிச்சது அவர் மட்டும் இல்ல. ஆபீஸ்ல உக்காந்துட்டு எவளோ ஒரு குருடி தப்பா கோடு போட்டு வச்சிருக்காளாம். அதைக் காட்டித்தான் பாதையே இல்லைன்னு எழுதி வாங்குறாராம். சுத்திப் போனா வெயில்ல பால் திரிஞ்சு போகும். திரிஞ்ச பாலை அவ குடிப்பாளா?"

நாத்தனார் சட்டென்று மரங்கொத்தியைத் தேடுகிறவளாக மேலே பார்க்கத் தொடங்கினாள்.

கோட்டம்மா வேரின் மேல் உட்கார்ந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கோட்டைச் சுரண்டி எடுப்பதற்கு ஓரக்குறிப்பு கிடையாது. 'தரையில் இல்லை' என்றால் அது தரையின் குற்றம். கோடு போட்டவள் குற்றம் இல்லை. இருபத்தெட்டு வருடப் பெயரோடு மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இவள் மட்டும் கேனைத் தூக்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் நடப்பாள்.

"அந்தக் குருடி நான்தான்," என்றாள்.

பால்காரி குனிந்து கேன்களைத் தூக்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, அவள் ஏன் சொல்ல வேண்டும்? கேன்களைக் கிளைக்குவியலுக்கு அப்பால் இறக்கி வைத்துவிட்டு, அங்கே சைக்கிளோடு காத்திருந்த கணவனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எழுந்திரிங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு பாதியில போனா எப்படி? முழுசா நடந்து பாத்துட்டுப் போங்க."

நடந்தார்கள். பாதை ஓடையை விட்டு விலகாமல் ஏறியது. வழுக்குகிற இடங்களில் யாரோ கல் பதித்திருந்தார்கள். ஓர் இடத்தில் பாரம் இறக்கி வைக்க இரண்டு மரங்களுக்கு நடுவே பலகை அடித்திருந்தார்கள். எதிரே ஒரு தபால்காரர் வந்தார். ஒரு கர்ப்பிணிப் பெண் தன் அம்மாவோடு மெல்ல இறங்கி வந்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். காடு முடிந்ததும் முப்பது வீடு, மாட்டுக்கொட்டில்கள், ஒரு கிணறு. அவள் அந்த ஊருக்கு ஏழு கறுப்புப் புள்ளி போட்டிருந்தாள். இடம் போதவில்லை என்று அன்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை சூப்பிரண்டு வந்ததும் வராததுமாக அவள் அவர் அறைக்குள் போய் நின்றாள். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"பாதை இருக்கு சார். ஓடைக்குக் கிழக்கே. நான்தான் மேற்கே போட்டுட்டேன். ஈரத்தாள்ல வரைஞ்சிருக்கேன். கோட்டை எடுக்கப் போறதில்ல, நகர்த்தப் போறேன். ஓரக்குறிப்பும் எழுதுறேன்."

சூப்பிரண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவருக்கு அவளைவிட நான்கு வயது குறைவு. அந்தத் தாள் வரைந்த காலத்தில் அவர் சரிபார்க்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

"அம்மா, மூணு மாசம்தான் இருக்கு உங்களுக்கு. எதுக்கு இந்த வேலை? யாராவது கேட்டாங்களா?"

"ஊரே கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கு. கோப்புல இருக்கு."

"அந்த மர வியாபாரி சும்மா விடமாட்டார். விசாரணை வரும். உங்க பேர் கெட்டுப்போகும்."

"உங்க பேரும்," என்றாள் கோட்டம்மா. "என் பேருக்குக் கீழ 'சரிபார்த்தேன்'னு உங்க கையெழுத்துதானே இருக்கு. அதனாலதானே கதவைச் சாத்துனீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் முகத்தில், பூசணிக்காய் கொஞ்சம் பெரிதோ என்ற யோசனை தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு பஸ் இருக்கு. வாங்க, கூட்டிட்டுப் போறேன். அன்னிக்குப் பார்க்காம போட்டீங்க. இந்தத் தடவை பார்த்துட்டே போடுங்க. அதுவரைக்கும் தாள் என் மேசையை விட்டு நகராது. அச்சுக்காரன் வந்தா என்கிட்ட அனுப்புங்க."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா சார்."

இருபத்தெட்டு வருடத்தில் மேலதிகாரியிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு அங்கேயே நின்றாள்.

கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் திருத்த அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தன் மேசைக்கு வந்து பிளேடை எடுத்தாள். மேற்குக் கரையில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். அரை மில்லிமீட்டர் தள்ளி, ஓடைக்குக் கிழக்கே, புதுப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனாள். மற்ற மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். ஒருவர், "கோட்டம்மாவுக்கேவா?" என்றார். அவர் மூன்று முறை ஓரக்குறிப்பில் மாட்டியவர். மூன்று முறையும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"எனக்கேதான். நல்லா பாத்துக்குங்க," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "உங்களை என்னெல்லாமோ சொன்னேன். அதெல்லாம் இப்ப என்னைச் சொல்லுங்க, பரவாயில்ல."

கீழ் ஓரத்தில் 'வரைந்தவர் பிழை, திருத்தப்பட்டது' என்று எழுதினாள். பக்கத்தில், பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்த அந்த நிஜப் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு, யாருக்கும் சந்தேகம் வராதபடி பட்டை எழுத்தில் எழுதினாள்.

மாலையில் சூப்பிரண்டு அறையை விட்டு வெளியே வந்து, மை காய்ந்த தாளைக் குனிந்து பார்த்தார். எழுத்தின் அளவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"ஒரு பிழைகூட இல்லாதவங்கன்னு உங்க பிரிவு உபசார விழாவுக்குப் பேச்சே எழுதி வச்சிருந்தேன். இப்ப நான் மேடையில என்னத்தைப் பேசுறது?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாதையை இந்தப் பக்கம் போட்டவ, போறதுக்கு முன்னாடி அதை எடுத்து இருந்த இடத்துல வச்சுட்டுப் போறான்னு பேசுங்க," என்றாள் கோட்டம்மா. "அந்த ஊர்க்காரங்களையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கேன். காட்டு வழியாத்தான் வருவாங்க."